உறையா, ஈஸ்ட்டா? கண்ணாடியா, பிளாஸ்டிக்கா?

சித்தப்பா மகன் மெல்போர்னில் இருக்கிறான். அங்கே வீட்டில் பீர் காய்ச்சிக் குடிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அவனும் மாதம் ஒரு வாளி காய்ச்சுகிறான். இங்கே 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது, அந்த ஆசையெல்லாம் நமக்கு வேண்டாம். நான் பாளையங்கோட்டையில் செய்வது இஞ்சி பீர். பெயரில்தான் பீர், ஒரு நாள் புளிக்கவிட்டு, பிரிட்ஜில் வைத்து, மூன்று நான்கு நாளில் குடித்துத் தீர்க்கும் பானம். அதிகம் வைத்திருந்தால் இதிலும் சாராயச் சத்து ஏறும் என்பதை மறக்கக் கூடாது.

ஆரம்பத்தில் அவன் பீருக்குச் சொன்ன கணக்கை அப்படியே இஞ்சி பீருக்குப் போட்டேன். அங்கேதான் தப்பு. பீரில், புளிக்க வைக்கும் நுண்ணுயிரான ஈஸ்ட், தான் தின்னக்கூடிய சர்க்கரையை எல்லாம் தின்று ஓய்ந்த பிறகுதான் பாட்டிலில் ஊற்றுவார்கள். அதற்கு இரண்டு வாரம் வரை ஆகும். அப்புறம் லிட்டருக்கு ஏழெட்டு கிராம் சர்க்கரை மட்டும் புதிதாகச் சேர்த்து மூடுவார்கள். அந்தக் கொஞ்சம் சர்க்கரைதான் நுரையாகிறது. இஞ்சி பீரில் நிலைமை வேறு. இனிப்பு வேண்டும் என்பதால் லிட்டருக்கு 80 கிராம் சர்க்கரை உள்ளே இருக்கும்போதே மூடிவிடுகிறோம். 4 கிராம் சர்க்கரை முழுக்கப் புளித்தால் சுமார் ஒரு லிட்டர் வாயு வரும். அப்படியானால் 80 கிராமுக்கு? இருபது லிட்டர். கடையில் வாங்கும் கலர், சோடாவில் லிட்டருக்கு நான்கு லிட்டர் வாயு இருந்தாலே அதிகம். பீர் தானாக நிற்கும், இஞ்சி பீரை நாம்தான் நிறுத்த வேண்டும்.

ஆச்சியிடம் இதைச் சொன்னபோது, “கலயத்துல சுண்ணாம்பு தடவுனா பதநீ, தடவாட்டி கள்ளு. இதுக்கா இவ்வளவு கணக்கு?” என்றாள். சரிதான். எனக்கு பிரிட்ஜ்தான் சுண்ணாம்பு.

இனி புளிக்கவைப்பது. வழி இரண்டு. ஒன்று, இஞ்சி உறை. தயிருக்கு உறைமோர் மாதிரி. தோல் சீவாத இஞ்சியைத் துருவி ஒரு கரண்டி, சர்க்கரை ஒரு கரண்டி, ஒரு டம்ளர் தண்ணீர். தினமும் அதே அளவு இஞ்சியும் சர்க்கரையும் சேர்த்துக் கலக்க வேண்டும். இஞ்சித் தோலில் இருக்கும் காட்டு ஈஸ்ட்தான் வேலை செய்கிறது. சித்திரையில் மூன்றாம் நாளே குமிழ் விட்டது. கார்த்திகை மழையில் ஒரு வாரம் ஆகியும் சும்மா கிடந்தது. தண்ணீரும் முக்கியம். தாமிரபரணித் தண்ணீர் என்று பெருமைப்பட்டுக் குழாயிலிருந்து நேரே பிடித்து ஊற்றினால் அதிலுள்ள குளோரின் உறையைப் படுத்தி எடுக்கும். கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றுங்கள்.

இன்னொன்று, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட். பேக்கரிச் சாமான் விற்கும் கடையில் பொட்டலமாகக் கிடைக்கும். இரண்டு லிட்டருக்கு ஒரு சிட்டிகை போதும். காலையில் போட்டால் மாலைக்குள் மூச்சு விடத் தொடங்கிவிடும். குறை ஒன்றுதான்: லேசாக ரொட்டி வாசனை அடிக்கும். எலுமிச்சையைக் கொஞ்சம் தாராளமாகப் பிழிந்தால் பாதி மறையும், முழுக்க மறையாது. சுவையில் உறைக்குத்தான் என் ஓட்டு. அந்தப் புளிப்பும் காரமும் பொட்டலத்தில் வராது. ஆனால் முதல் இரண்டு தடவை ஈஸ்ட் போட்டே செய்யுங்கள். உறையில் தொடங்கிச் சொதப்பினால் தவறு இஞ்சியிலா, தண்ணீரிலா, பாட்டிலிலா என்று கண்டுபிடிக்க முடியாது.

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சித்தப்பா மகன் ஏல் என்ற பீர் வகைக்குப் போடும் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி வேண்டுமாம். நம் அடுப்படியில் கத்திரி வெயிலில் 35. அந்த வெக்கையில் என் பாட்டில்கள் பன்னிரண்டு மணி நேரத்தில் தயாராகிவிடும். சாரல் காலத்தில் தென்காசி மாமா வீட்டில் அதே கலவைக்கு இரண்டு நாள் ஆனது. ஆகவே ‘இத்தனை மணி நேரம்’ என்று எழுதியிருக்கும் எந்தச் செய்முறையையும் நம்ப வேண்டாம், நான் சொன்ன பன்னிரண்டு மணி நேரம் உட்பட.

சர்க்கரையா, கருப்பட்டியா என்று கேட்பார்கள். உடன்குடிப் பக்கத்துக் கருப்பட்டி நல்லதாகக் கிடைத்தால் பாதிக்குப் பாதி போடலாம். முழுக்கக் கருப்பட்டி போட்டால் இஞ்சி தெரியாது, சுக்குக் காப்பி ஆறிப்போன மாதிரி இருக்கும். சீனி கலந்த கருப்பட்டி வாங்கி ஏமாந்தால் பானத்துக்கு ஒன்றும் ஆகாது, நம் பர்சுக்குத்தான்.

பாட்டில்தான் பெரிய விஷயம். கண்ணாடி அழகு, வாசனை பிடிக்காது, கொதிநீரில் கழுவலாம். அதனால் கம்பிப் பூட்டு மூடி வைத்த சதுரக் கண்ணாடி பாட்டில்கள் நான்கு வாங்கினேன். அவை அலங்காரத்துக்குச் செய்தவை என்று எனக்குத் தெரியாது. போன சித்திரையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மறுநாள் வந்தால், அலமாரிக்குள் ஒன்று வெடித்து, தட்டு முழுக்கச் சில்லு. அந்த நேரத்தில் அம்மா அங்கே நிற்காதது எங்கள் அதிர்ஷ்டம். சதுர பாட்டிலில் அழுத்தம் மூலைகளில் போய் உட்காரும். உருண்டையில் சமமாகப் பரவும். கண்ணாடிதான் வேண்டும் என்றால் வாயுப் பானத்துக்கென்றே செய்த தடித்த உருண்டை பாட்டில் வேண்டும்.

கோலி சோடா பாட்டில் நினைவுக்கு வருகிறதா? எனக்கும் வந்தது. 1872-இல் ஹிராம் காட் காப்புரிமை பெற்ற அருமையான சாதனம். ஆனால் உள்ளே வாயு அழுத்தினால்தான் கோலி மேலேறி ரப்பர் வளையத்தில் உட்காரும். புளிக்கும் பானம் மெதுவாகவே வாயு விடும், அதுவரை கோலி கீழேயே கிடக்கும், வந்த வாயுவெல்லாம் வெளியே போகும். வீட்டுக்கு ஆகாது.

கடைசியில் நான் நிற்பது கலர் குடித்துவிட்டு வைத்த பிளாஸ்டிக் பாட்டிலில். அடியில் ஐந்து கால் வைத்த கெட்டி பாட்டில்; மெலிசான தண்ணீர் பாட்டில் அல்ல. கொதிநீர் ஊற்றினால் சுருங்கிவிடும், வெதுவெதுப்பில்தான் கழுவ வேண்டும். பழைய ஆரஞ்சு வாசனை மூன்றாவது கழுவலிலும் போகாது. ஆனாலும் அதில் இருக்கும் ஒரு வசதி கண்ணாடியில் இல்லை: விரலால் அமுக்கிப் பார்க்கலாம். அமுங்கினால் இன்னும் நேரம் இருக்கிறது. கல் மாதிரி நின்றால் உடனே பிரிட்ஜ். மேலே நாலு விரல் இடம் விட்டு ஊற்றுங்கள். திறக்கும்போது மூடியைக் கொஞ்சம் தளர்த்தி, சீறல் அடங்கும்வரை பொறுத்து, பிறகு முழுக்கத் திறங்கள்.

மீதி மூன்று சதுர பாட்டிலில் இப்போது ஆச்சி நல்லெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறாள்.