எஃப்.எம்.ஜி.இ., பிளாப், யு.எஸ்.எம்.எல்.இ.: மொரிஷியஸில் படிப்பவர் எதற்குத் தயாராவது?

தைப்பூசக் காவடி விடுமுறையன்று காத்ர் போர்ன் மலைக்கோயில் அடிவாரத்தில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, மூணாம் வருஷம் வந்தாச்சு. இந்தியாவா, லண்டனா, அமெரிக்காவா? எதுக்கு இப்பவே படிக்க ஆரம்பிக்கணும்?" தமிழ்நாட்டிலிருந்து வந்து இந்தத் தீவில் டாக்டருக்குப் படிக்கும் எல்லாருக்கும் உள்ள கேள்விதான். அன்றைய கூட்டத்தில் பாதிதான் சொல்ல முடிந்தது.

வெளிநாட்டில் டாக்டருக்குப் படித்தவர்கள் இந்தியாவில் பதிவு பெற எழுத வேண்டிய தேர்வு எஃப்.எம்.ஜி.இ. அதில் ஒரே நாளில் 300 கேள்விகள். 150 எடுத்தால் தேர்ச்சி, தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. அப்படியிருந்தும் பல முறை நாலில் ஒருவர்கூடத் தேறுவதில்லை. கேள்விகள் கடினம் என்பதால் அல்ல, மறதியால்தான் என்பேன். அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி மூன்றிலும் சேர்த்து 51 கேள்விகள். அந்தப் புத்தகங்களை நாம் முதல் வருடத்தோடு மூடிவிட்டோம். சமூக மருத்துவத்துக்கு 30, அதாவது மகப்பேறு மருத்துவத்துக்கு எவ்வளவோ அவ்வளவு. நம் ஆட்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். இங்கே வார்டுக்குப் போனால் கட்டிலுக்குக் கட்டில் சர்க்கரை வியாதி. பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இருக்கிறது. ஆறாத கால்புண்ணும் டயாலிசிஸும் நமக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் தேர்வில் வருவது மலேரியா, காலா அசார் (மணல் ஈ பரப்பும் காய்ச்சல்), தொழுநோய், இந்தியத் தடுப்பூசி அட்டவணை, ஆஷா என்னும் கிராமச் சுகாதாரப் பணியாளரின் கடமைகள். மலேரியாவை 1990களிலேயே ஒழித்துவிட்ட ஊரில் அதை எந்தக் கட்டிலில் போய்ப் பார்ப்பது? பார்க்காத நோயை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். அதற்குக் கடைசி ஆறு மாதம் போதவே போதாது.

காலக் கணக்கும் உண்டு. 2021 விதிகளின்படி இங்கே 12 மாத இன்டர்ன்ஷிப், பிறகு இந்தியாவில் இன்னொரு 12 மாதம். எஃப்.எம்.ஜி.இ.க்குப் பதிலாக நெக்ஸ்ட் என்ற புதிய தேர்வு வரும் என்று காத்திருக்க வேண்டாம். 2023இல் அதைத் தள்ளிவைத்தார்கள்.

பிரிட்டனில் டாக்டராகப் பதிவு பெறுவதற்கான பிளாப் வேறு ஜாதி. முதல் தாள் 3 மணி நேரம், 180 கேள்விகள். நெஞ்சுவலியோடு வந்தவருக்கு அடுத்து என்ன செய்வாய் என்கிற தினுசு. இரண்டாவது மான்செஸ்டரில். 16 அறைகள், ஒவ்வொன்றிலும் 8 நிமிடம், நோயாளியாக நடிப்பவரிடம் பேசிக் காட்ட வேண்டும். "கி கோட்டே ஃபேர் மால்?" (எங்கே வலிக்கிறது?) என்று இந்த ஊர் மொழியான கிரியோலில் விசாரித்து, கிழவி சொல்லும் நீளக் கதையைப் பொறுமையாகக் கேட்டவர்களுக்கு அந்த 8 நிமிடம் பயமில்லை. ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் மொத்தம் 7.5, ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 7 வேண்டும். இன்டர்ன்ஷிப்பில் மெடிசின் 3 மாதம், சர்ஜரி 3 மாதம் என்று சான்றிதழில் தெளிவாக இருக்க வேண்டும். தேர்வைவிட வேலைதான் பெரிய கவலை. பதிவு முடிந்தும் வேலை கிடைக்காமல் காத்திருப்பவர்கள் இன்று ஏராளம். என் பேட்ச்மேட் ஒருத்தி இங்கேயே பிறந்த தமிழ்ப் பெண். அவள் பிளாப் எடுப்பது சரி. காத்திருக்கும் நாட்களில் அவளுக்குச் சொந்த வீடும் சாப்பாடும் உண்டு. நமக்கு வாடகையும் விசாவும்.

அமெரிக்காவில் டாக்டராக உரிமம் பெறுவதற்கான யு.எஸ்.எம்.எல்.இ. பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். அதன் முதல் கட்டமான ஸ்டெப் 1 இல் 2022 முதல் தேர்ச்சி, தோல்வி மட்டும்தான். அதனால் அடுத்த கட்டமான ஸ்டெப் 2 சி.கே. மதிப்பெண்ணின் எடை கூடிவிட்டது. படிக்கும்போதே எழுதலாம் என்பது நல்ல விஷயம். ஆனால் அங்கே போய்ச் சில மாதம் ஆஸ்பத்திரி அனுபவம் பெறாமல் ரெசிடென்சி (மேற்படிப்புப் பயிற்சி இடம்) கிடைப்பது கஷ்டம், அந்தச் செலவு எங்கள் வீடுகளுக்குத் தாங்காது. கடன் வாங்கி இதில் இறங்காதீர்கள்.

தம்பிக்கு நான் சொல்வது: எஃப்.எம்.ஜி.இ.யை இப்போதே ஆரம்பி, வாரம் ஒரு நாள் முதல் வருடப் பாடம். பிளாப்புக்கு வார்டில் பேசிப் பழகு, தாளைப் பிறகு பார்க்கலாம். ஆன்லைன் வகுப்பு எடுத்தால் நேரத்தைக் கவனி. சென்னையில் இரவு 8 மணி என்றால் இங்கே 6.30. வார்டு முடிந்து பஸ் பிடித்து அறைக்கு வருவதற்குள் வகுப்பு பாதி ஓடிவிடும். பதிவு செய்து தருகிற வகுப்பாகப் பார்த்துச் சேர்.