கருப்பு கிளாடிங்கில் படிந்த வேக்ஸ் கறை – ஐந்து வருட அனுபவம்

எங்கள் ஹூண்டாய் வென்யூ காரை 2020-இல் எடுத்தோம். சிவப்பு வண்டி. சக்கர வளைவுகளிலும் கதவுகளுக்கு அடியிலும் பெயின்ட் அடிக்காத கருப்பு பிளாஸ்டிக் கிளாடிங் ஓடும். சிவப்புக்குப் பக்கத்தில் அந்தக் கருப்பு எடுப்பாக இருக்கும் என்பதற்காகவே அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தேன். மறு வருடக் கோடையில், பெயின்ட்டைப் பளபளப்பாக்கிக் காப்பாற்றும் மெழுகுப் பூச்சான வேக்ஸை நானே முதல் தடவையாகப் போட்டேன். க்ரீம் மாதிரி இருக்கும் கிளீனர் வேக்ஸ். திருச்சி வெயிலில், கை போன போக்கில், ஓரங்களைக் கவனிக்காமல் தேய்த்தேன். சாயங்காலம் பார்த்தால் பெயின்ட் கண்ணாடி மாதிரி இருக்கிறது, கிளாடிங் முழுக்க சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளைத் திட்டுகள். மனசு அப்படியே உட்கார்ந்துவிட்டது.

ஷாம்பு போட்டு மூன்று தடவை கழுவினேன். போகவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. கிளாடிங் வழவழப்பான பிளாஸ்டிக் இல்லை, தோல் மாதிரி சொரசொரப்பாக, நுண்ணிய பள்ளங்களோடு இருக்கும். இந்த வகை வேக்ஸில் மெழுகோடு மெருகேற்றும் வெள்ளைத் தூளும் கலந்திருக்கும். இரண்டும் பள்ளத்துக்குள் இறங்கிக் காய்ந்துவிடுகின்றன. மெழுகு தண்ணீரை ஒட்ட விடாது. பெயின்ட்டைக் காப்பாற்றுகிற அதே குணம், இங்கே சோப்புத் தண்ணீரைக் கறைக்குக் கிட்டவே போக விடாமல் தடுக்கிறது.

வண்டியைத் தண்ணீரால் நனைத்தால் கறை மறையும், காய்ந்ததும் திரும்பும். இதை ஒரு தடவை கவனித்துப் பாருங்கள், ஏனென்றால் எண்ணெய் வைத்தியம் முழுவதும் இதற்குள் அடக்கம். நான் இடது பக்கம் முழுக்க தேங்காய் எண்ணெய் தேய்த்தேன். புது வண்டி மாதிரி ஆகிவிட்டது. பத்து நாள் கழித்து அந்தப் பக்கம் மட்டும் புழுதி அப்பிக்கொண்டு செம்மண் நிறத்தில் நின்றது. ஒரு நல்ல மழை பெய்ததும் வெள்ளை அப்படியே திரும்பி வந்தது. எண்ணெயும் தண்ணீர் மாதிரி பள்ளத்தை நிரப்பிக் கறையை மறைக்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் மாதிரி உடனே காயாது என்பதால் கறை போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். கடையில் விற்கும் டிரெஸ்ஸிங்கையும் (பிளாஸ்டிக், ரப்பரைக் கருப்பாகக் காட்டும் பூச்சு) கறை மேலேயே பூசினால் இதே கதைதான்.

அடுத்து நடந்தது இதைவிட வருத்தம். வண்டி கழுவும் இடத்தில் ஒருவர் கதவுக் கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங்கில் இருந்த வேக்ஸை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். நானும் தடுக்கவில்லை. கறை ஒரே இழுப்பில் போய்விட்டது. ஆனால் கதவு பீடிங் பெரும்பாலும் ஈபிடிஎம் என்கிற ரப்பர். வெயில், மழை, ஓசோன் எல்லாம் தாங்கும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் பட்டால் ஊறி உப்பும். சில வாரத்தில் டிரைவர் பக்கத்து பீடிங் பிசுபிசுத்து, கண்ணாடி இறங்கும்போது கீச்சென்று சத்தம் போட ஆரம்பித்தது. கடைசியில் அதை மாற்ற வேண்டியதாயிற்று. தயவுசெய்து இந்த இரண்டையும் ரப்பர் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

பீநட் பட்டர் வைத்தும் பார்த்தேன். உண்மையிலேயே வேலை செய்கிறது, கடலை எண்ணெய் மெழுகை இளக்கிவிடுகிறது. ஆனால் பள்ளங்களில் அது தங்கி, மறுநாள் காலையில் பம்பர் ஓரமாக எறும்பு வரிசை. அதைக் கழுவி எடுப்பது தனி வேலை.

கடைசியில் நிலைத்தது, சுத்தம் செய்யப் பயன்படும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, பழைய சாஃப்ட் டூத் பிரஷ்ஷோடு. ஆல்கஹால் மெழுகை முழுதாகக் கரைத்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது எண்ணெய்ப் பசையை இளக்கிப் பிடியைத் தளர்த்துகிறது. கறையைத் தோண்டி எடுப்பது பிரஷ்தான். காலையிலேயே, நிழலில், பிளாஸ்டிக் குளிர்ந்திருக்கும்போது செய்யுங்கள். வெயிலில் ஊற்றிய உடனே ஆவியாகிவிடும். பக்கத்தில் நெருப்பும் இருக்கக் கூடாது. ஒரு சாண் இடம் மட்டும் எடுத்துக்கொண்டு, நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை தேய்த்து, காய்வதற்குள் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். இதைத்தான் நான் முதலில் தவறவிட்டேன். தேய்த்துவிட்டுக் காய விட்டால், கிளம்பிய தூள் பக்கத்துப் பள்ளத்தில் போய் உட்காரும். துணியின் சுத்தமான பக்கத்தை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஒரு சக்கர வளைவுக்கு எனக்கு அரை மணி நேரம் ஆனது.

மாதக்கணக்கில் இறுகிப்போன கறைக்கு முதலில் பென்சில் அழிக்கிற வெள்ளை ரப்பரால் தேய்ப்பேன். உதிரும் துகளோடு மெழுகும் உருண்டு வந்துவிடும். அதற்கும் அசையாவிட்டால் ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டினால் போதும். கார் வேக்ஸில் சேர்க்கும் கார்னாபா என்கிற தாவர மெழுகு உருகுவதற்கு 80 டிகிரிக்கு மேல் வேண்டும், நமக்கு உருக வேண்டாம், இளகினால் போதும். ஹேர் டிரையரை விடப் பல மடங்கு சூடு வீசும் ஹீட் கன் எடுத்தால் மெழுகோடு பிளாஸ்டிக்கின் சொரசொரப்பும் உருகிப் பளபளவென்று ஒரு தடம் நின்றுவிடும். அதைச் சரிசெய்ய வழியில்லை. மெலமைன் ஸ்பாஞ்சும் உண்டு. அது மிக மெல்லிய உப்புத்தாள் மாதிரி. பளபளப்பான கருப்பு பாகங்களில் வைத்தால் கீறல் நிச்சயம்.

ரப்பர் பீடிங்குக்கு இதே கலவையைத் துணியில் நனைத்து ஒரு துடைப்பு, உடனே தண்ணீர்த் துணியால் இன்னொரு துடைப்பு. ஊற விடவேண்டாம். காய்ந்ததும் கொஞ்சம் சிலிகான் டிரெஸ்ஸிங்.

சுத்தமான கிளாடிங் முதலில் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். பயப்படாதீர்கள், மேலே பூச்சு எதுவும் இல்லாததால் அப்படித் தெரிகிறது. தண்ணீர் அடிப்படையிலான டிரெஸ்ஸிங் ஒரு கை போட்டால் கருப்பு திரும்பும், எண்ணெய் மாதிரி புழுதி பிடிக்காது. நான் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போடுகிறேன்.

2022-இலிருந்து வேறு எதுவும் தொடவில்லை. வலது பக்கம் இன்றும் ஒரே சீராக இருக்கிறது. இடது பக்க முன் சக்கரத்துக்கு மேலே மட்டும், எண்ணெய்ப் புழுதியை வாராவாரம் அழுத்தித் தேய்த்த இடத்தில், சொரசொரப்பு மழுங்கி வெளிறித் தெரிகிறது. டிரெஸ்ஸிங் போட்டால் ஒரு வாரம் தாங்கும், அப்புறம் மறுபடியும் தெரியும்.

இப்போது வேக்ஸ் போடுவதற்கு முன்னால் ஓரமெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுகிறேன். இருபது நிமிட வேலை. வேலை முடிந்த கையோடு டேப்பை உரித்துவிடுங்கள். வெயிலில் விட்டால் பசை தங்கிவிடும். தப்பித் தவறி கிளாடிங்கில் வேக்ஸ் பட்டால், ஈரம் இருக்கும்போதே ஒரு நனைந்த துணியால் துடைத்தால் வந்துவிடும். அதனால் வாளியில் ஒரு துணி எப்போதும் நனைந்தே கிடக்கும்.