ஹேவ்லாக் இரவு கயாக் பயணம்: நிலாவைப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள்

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் இருட்டிய பிறகு கயாக் எனும் சிறு துடுப்புப் படகில் கூட்டிப்போய் ஒளிரும் கடலைக் காட்டுகிறார்கள். ஆளுக்கு 3,500 ரூபாய். இரண்டு பேர் உட்காரும் கயாக், லைஃப் ஜாக்கெட் எல்லாம் அவர்களே தருகிறார்கள். அலையாத்தி மரங்களுக்கு நடுவே தண்ணீர் அடங்கிக் கிடப்பதால் நீச்சல் தெரியாத என் அக்காவும் தைரியமாக வந்தாள்.

போனதும் எதுவும் தெரியாது. வழிகாட்டித் தம்பி எல்லா டார்ச்சையும் செல்போனையும் அணைக்கச் சொல்லி, கண் இருட்டுக்குப் பழகும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். காசு கொடுத்தது அந்தக் காத்திருப்புக்குத்தான் என்பேன். அப்புறம் துடுப்பை உள்ளே விட்டால், அது போன வழியெல்லாம் நீலம். கையை நனைத்துத் தூக்கினேன். முழங்கை வரை வழிந்த நீரில் ஒளிப்புள்ளிகள் பொடிப்பொடியாக மினுக்கி மறைந்தன. அடியில் ஒரு மீன் சட்டென்று திரும்ப, அதன் தடம் ஒளிக்கோடாகத் தெரிந்தது.

இதற்குக் காரணம் பாஸ்பரஸ் என்று அந்தத் தம்பி விளக்கினார். அதை மட்டும் அவர்கள் திருத்திக்கொள்ள வேண்டும். ஒளிர்பவை டைனோஃபிளாஜெல்லேட் எனும் ஒற்றைச் செல் உயிர்கள். தண்ணீர் அசைந்து செல் அழுத்தப்பட்டதும் உள்ளே அமிலத்தன்மை கூடுகிறது. லூசிஃபெரேஸ் நொதியின் உதவியால் லூசிஃபெரின் எனும் ஒளிதரும் பொருள் ஆக்சிஜனுடன் சேர்ந்து, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் நீலமாக மின்னுகிறது. ஏன் மின்ன வேண்டும்? தன்னைத் தின்ன வரும் குட்டி இறால் போன்ற உயிரியை அந்த வெளிச்சம் பெரிய மீனுக்குக் காட்டிக்கொடுத்துவிடும் என்கிறார்கள். மீனின் தடத்தை நேரில் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் நீல அலை வந்ததே, அதற்குக் காரணமான நாக்டிலூகாவும் இந்த டைனோஃபிளாஜெல்லேட் வகைதான்.

ஒரே இடத்தில் துழாவிக்கொண்டே இருந்தால் ஒளி மங்கிவிடும். கொஞ்சம் தள்ளிப்போய் மெதுவாகத் துடுப்பு போடுங்கள்.

எனக்கு வருத்தம் ஒன்றுண்டு. நாங்கள் தங்கிய விடுதியில் பௌர்ணமிக்கு மறுநாளுக்கே டிக்கெட் போடப் பார்த்தார்கள். நிலா வெளிச்சத்தில் பாதி அழகுகூடத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்து நான்தான் நாளைத் தள்ளிப்போட்டேன். இவ்வளவு தூரம் செலவு செய்து வருகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் விற்பது நியாயமே இல்லை. அமாவாசையை ஒட்டிய நாட்களில் பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள்; முடியாவிட்டால் நிலா எத்தனை மணிக்கு உதிக்கும் என்று கேட்டு, அதற்கு முன்பே திரும்பும் நேரமாகப் பதிவு செய்யுங்கள். சாதாரணப் போனில் படம் சரியாக விழாது. என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு.