சிங்கப்பூரா, ஜெர்மனியா?
வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் தம்பிக்குக் கல்யாணமாகி நாலு மாதம். இரண்டு வருட வேலைக்கு இரண்டு நாட்டிலிருந்தும் அழைப்பு வந்திருக்கிறது.

அம்மாவுக்குச் சிங்கப்பூர்தான். சென்னையிலிருந்து நாலு மணி நேர விமானம், தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று, லிட்டில் இந்தியாவில் முருங்கைக்கீரைகூடக் கிடைக்கும். எல்லாம் சரி. ஆனால் தம்பி மனைவி ராணிப்பேட்டை தோல் கம்பெனியில் ஆறு வருடம் கணக்கு பார்த்தவள். சிங்கப்பூருக்கு டிபென்டன்ட் பாஸில், அதாவது வேலை பார்ப்பவரின் குடும்பத்துக்குத் தரும் அனுமதியில் போனால், வேலை பார்க்கத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். ஜெர்மனியில் கணவனிடம் ப்ளூ கார்டு, அதாவது படித்த வெளிநாட்டினருக்கான வேலை அனுமதி இருந்தால் மனைவி எந்த வேலைக்கும் போகலாம்.

குளிரும் மொழியும் சிரமம்தான். ஆனாலும் நான் ஜெர்மனி பக்கம். நேற்று தம்பி மனைவி முள்ளுக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே ஒவ்வொரு துண்டுக்கும் ஜெர்மன் மொழியில் எண்ணிக்கொண்டிருந்தாள்: ஐன்ஸ், ட்ஸ்வை, ட்ரை.