குளுக்கோமீட்டரும் ஒரு நோட்டும்: பல வருடப் பயன்பாட்டு அனுபவம்

வீட்டிலேயே ரத்தச் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர் வாங்கலாமா என்று சுகர் இருக்கிற சொந்தக்காரர்களும் நண்பர்களும் அடிக்கடி கேட்கிறார்கள். எனக்கு டைப் 2 நீரிழிவு. மடிப்பாக்கத்தில் குடியேறிய காலத்திலிருந்தே வீட்டில் மீட்டர் இருக்கிறது. வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் காலையில் வெறும் வயிற்றில் மட்டும் குத்திப் பார்த்துவிட்டு மூடி வைக்க அது தேவையில்லை. சாப்பிடுவதற்கு முன் ஒரு முறை, சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை என்று ஜோடியாகப் பார்க்க வேண்டும். அதை எழுதி வைத்து டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். அப்போதுதான் ரத்தச் சொட்டு வைக்கும் ஸ்ட்ரிப்புக்குக் கொடுத்த காசுக்குப் பலன்.

அப்பாவுக்கும் சுகர் இருந்தது. அவர் காலத்தில் வீட்டுச் சோதனை என்றால் பெனடிக்ட் கரைசல்தான். நீல மருந்தைச் சோதனைக் குழாயில் ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுக் கொதிக்க வைப்பார். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி செங்கல் நிறத்துக்கு வந்தால் மிக அதிகம். ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மி.கி./டெ.லி. அளவைத் தாண்டினால்தான் பொதுவாகச் சிறுநீரில் தெரிய ஆரம்பிக்கும். அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்பதோ, சுகர் ஆபத்தாக இறங்கிவிட்டதோ அந்தக் குழாயில் தெரியாது. 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கிய ஊர் இது. அப்படிப்பட்ட ஊரிலேயே வீட்டில் இருந்த நோயாளிக்கு ரொம்ப காலம் கிடைத்தது அந்த நிற மாற்றம் மட்டுமே. இன்று சில விநாடிகளில் எண் வருகிறது என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

மீட்டர் வாங்கும்போது மீட்டரின் விலையைப் பார்க்காதீர்கள், ஸ்ட்ரிப்பைப் பாருங்கள். செலவு முழுக்க அதில்தான். உங்கள் தெரு முனை மெடிக்கலில் அந்த ஸ்ட்ரிப் எப்போதும் இருக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். அப்புறம், டப்பாவைத் திறந்த பிறகு எத்தனை மாதம் தாங்கும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எப்போதாவது பார்ப்பவர்களுக்குச் சின்ன டப்பாதான் லாபம். ஸ்ட்ரிப்பில் இருப்பது ஒரு நொதி. நம் ஊர்ப் புழுக்கம் அதற்கு ஆகாது. ஸ்ட்ரிப்பை எடுத்த கையோடு மூடியை அழுத்தி மூடிவிட வேண்டும். சமையலறை அலமாரி, பைக் பெட்டி, வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு எல்லாம் வேண்டாம். ஃபிரிட்ஜிலும் வைக்கக்கூடாது.

குத்துவதற்கு முன் சோப்பு போட்டுக் கை கழுவி நன்றாகத் துடைக்க வேண்டும். மாம்பழம் நறுக்கிய கையோடு பார்த்தால் விரலில் ஒட்டிய சாறே எண்ணை எங்கேயோ கொண்டுபோய்விடும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. சொட்டு வரவில்லை என்று பிதுக்கக்கூடாது. கையைத் தொங்கவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்தால் வந்துவிடும்.

மீட்டர் சரியாகக் காட்டுகிறதா? லேப்பில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கும் அதே நேரத்தில் நம் மீட்டரிலும் ஒரு முறை பார்த்துவிட்டால் தெரியும். 100க்கு மேலான அளவுகளில் 15 சதவீதம் வரை வித்தியாசம் இருக்கலாம் என்பதைத்தான் சர்வதேசத் தர விதியே ஏற்கிறது. லேப்பில் 140 என்றால் மீட்டரில் 119 முதல் 161 வரை எது வந்தாலும் சரிதான். அதனால் நேற்று 118, இன்று 125 என்று மனசு உடைய வேண்டாம். அது ஏற்றமே இல்லை.

சரி, ஜோடியாகப் பார்த்ததில் எனக்கு என்ன தெரிந்தது? முதலில் கேழ்வரகுக் கஞ்சி. சுகருக்கு நல்லது என்று ஊரே சொல்கிறது. நைசாக அரைத்த மாவைக் கரைத்துக் காய்ச்சிக் குடித்தபோது இட்லியைவிட எனக்கு அதிகமாக ஏறியது. அதே கேழ்வரகை முருங்கைக்கீரை போட்டு அடையாகத் தட்டி, கூடவே சுண்டல் வைத்துச் சாப்பிட்டால் ஏற்றம் பாதிதான். வெண்பொங்கல் எவ்வளவு குறைவாகச் சாப்பிட்டாலும் எனக்கு ஒத்துவரவில்லை. மதியம் கூட்டையும் பொரியலையும் முதலில் முடித்துவிட்டு அப்புறம் சோறு சாப்பிட்டதும், சாப்பிட்டபின் தெருவில் ஒரு நடை போனதும் நோட்டில் கண்ணெதிரே வித்தியாசம் காட்டின. உங்கள் உடம்பு வேறு மாதிரி சொல்லலாம். அதைக் கேட்கத்தான் மீட்டர்.

இன்னொன்று, ராத்திரி படுக்கும்போது 120 இருந்தது, ஒன்றும் சாப்பிடாமலே விடிந்தால் 145. இது பலரைக் குழப்புகிறது. விடியற்காலையில் சுரக்கும் ஹார்மோன்களால் கல்லீரல் தன்னிடமிருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. என் நோட்டில் இந்த ஜோடி திரும்பத் திரும்ப வந்ததைப் பார்த்துத்தான் டாக்டர் இரவு மாத்திரையை மாற்றினார். இரவில் நான் எடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையின் முக்கிய வேலையே கல்லீரல் விடும் சர்க்கரையைக் குறைப்பது. "நோட்டைப் பார்த்து நான் மாத்தறேன், நீங்களா கூட்டவோ குறைக்கவோ கூடாது, சரியா சார்?" என்று அன்றே சொல்லிவிட்டார். மெட்ஃபார்மின் நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம் என்று அதையும் அவ்வப்போது பார்க்கச் சொல்கிறார்.

என் தங்கை விஷயத்தில் நோட்டு இன்னும் பெரிய உதவி செய்தது. அவளுக்கு மூன்று மாத சராசரி, அதாவது எச்பிஏ1சி, 8 என்று வந்தது. அது 183 சராசரிக்குச் சமம். அவள் எழுதி வைத்திருந்த எண்களோ, சாப்பிட்ட பிறகு எடுத்தவைகூட, பெரும்பாலும் 160க்குள்தான். பொருந்தவில்லையே என்று டாக்டர் ஹீமோகுளோபின் பார்க்கச் சொன்னார். இரும்புச்சத்துக் குறைவு. சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் வாழ்கின்றன, அவற்றில் ஒட்டிய சர்க்கரையைத்தான் அந்தச் சோதனை அளக்கிறது. ரத்தசோகை இருந்தால் அந்தக் கணக்கு தப்பலாம். நோட்டு இல்லாமல் போயிருந்தால் சுகர் மாத்திரையைத்தான் கூட்டியிருப்பார்கள்.

சுகரை ரொம்பவே இறக்கிவிடக்கூடிய கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு மீட்டர் கட்டாயம் என்பேன். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பால் வேலை செய்யத் தாமதமாகும். ஏகாதசி விரதம் இருப்பவர்கள் அன்றைக்கு மாத்திரையை என்ன செய்வது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

மீட்டர் காட்டாதவையும் உண்டு. கண்ணின் விழித்திரை, சிறுநீரில் கசியும் ஆல்புமின் என்ற புரதம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் சோதனை. மீட்டரில் எண் நன்றாக இருக்கிறது என்று இவற்றை விட்டவர்கள் பார்வையில் அவதிப்படுவதைப் பார்த்திருக்கிறேன். வருடத்துக்கு ஒரு முறையாவது செய்துவிட வேண்டும்.

குத்திய ஊசிகளை வெறுமனே குப்பையில் போடாதீர்கள். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் மூடியை டேப் ஒட்டி, மேலே 'ஊசி' என்று எழுதி, குப்பை வண்டியில் வருபவரிடம் சொல்லித் தனியாகக் கொடுங்கள். கையுறை இல்லாமல் பையைப் பிரிப்பவர்கள் அவர்கள்.