கீழமாசி வீதிக் கடைக்கு எந்த ஃபயர்வால்?

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடை. எட்டு கம்ப்யூட்டர், கணக்குக்கு டேலி, சிசிடிவி படத்தைப் பதிய ஒரு டிவிஆர், எல்லாம் ஒரே நெட்வொர்க் சுவிட்சில். "வீட்டில இருந்தே கணக்குப் பார்க்கணும் தம்பி" என்று அண்ணாச்சி கேட்டதற்காக, முன்பு வந்த யாரோ ரௌட்டரில் 3389 போர்ட்டைத் திறந்துவிட்டுப் போயிருந்தார்கள். வேறிடத்தில் இருந்தே கம்ப்யூட்டரை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசல் அது. நான் போன அன்று சர்வரில் ஈவென்ட் வியூவரை, அதாவது விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்தால், 4625 எண் பதிவுகள் சரசரவென்று ஓடுகின்றன. யாரோ 'அட்மின்', 'டேலி', 'அக்கவுண்ட்ஸ்' என்று பெயரை மாற்றி மாற்றி உள்ளே நுழைய முயன்று தோற்றதன் தடம். அண்ணாச்சிக்குக் காட்டியதும் கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

போர்ட்டை அன்றே மூடியாகிவிட்டது. அப்புறம், இணையத்துக்கும் கடைக்கும் நடுவே நின்று எதை விடுவது, எதை மறிப்பது என்று விதிப்படி பார்க்கும் ஃபயர்வால் எது வாங்குவது என்ற பேச்சு வந்தது.

ஃபோர்ட்டிகேட் சிறிய மாடல்: பெட்டி நல்ல பெட்டி, கம்ப்யூட்டரில் திறக்கும் அமைப்புத் திரையும் தெளிவு. ஆனால் வைரஸ் தடுப்பு, வெப்சைட் வடிகட்டல் எல்லாம் வருடச் சந்தாவில் ஓடுபவை. சந்தா போனால் விதிகள் வேலை செய்யும், புதிய ஆபத்துகளின் பட்டியல் வராது. ஐம்பது பேர் வேலை பார்க்கும் அலுவலகம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன். இங்கே வேண்டாம்.

மைக்ரோடிக்: லாட்வியா நாட்டுத் தயாரிப்பு. விலை குறைவு, மின்சாரமும் கொஞ்சம்தான் இழுக்கும். கரண்ட் போனால் ஒரு சின்ன ரௌட்டர் யுபிஎஸ்ஸே தாங்கும். நம் ஊருக்கு இது பெரிய விஷயம். எனக்குப் பயம் வேறு இடத்தில். கம்பெனி போட்டுத் தரும் டீஃபால்ட் கான்ஃபிகரேஷன் வேண்டாம் என்று ரீசெட் செய்தால் ஒரு ஃபயர்வால் விதிகூட இருக்காது. 2018-இல், மைக்ரோடிக்கை நிர்வகிக்க உதவும் வின்பாக்ஸில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி உலகம் முழுக்க மைக்ரோடிக் பெட்டிகளைப் பிடித்தார்கள். திருத்தம் வந்த பிறகும் பலர் அப்டேட் போடவில்லை. தினமும் கவனிக்கிற ஆளுக்குத்தான் இது சரி.

ஓபிஎன்சென்ஸ்: 2015-இல் பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளிலிருந்து பிரிந்து வந்த இலவச மென்பொருள். அடியில் ஓடுவது ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம். வெளியிலிருந்து வருவதை எல்லாம் முதலிலேயே மறித்து வைத்திருக்கும்; நாம் திறந்தால்தான் திறக்கும். எனக்குப் பிடித்ததே இதுதான். பழைய கம்ப்யூட்டரில் போடலாம் என்பார்கள். போடலாம்தான், ஆனால் அதை நாள் முழுக்க யுபிஎஸ்ஸில் ஓட்டுவது வீண். ஃபேன் இல்லாத மினி பிசி, அதில் கேபிள் செருக இன்டெல் நெட்வொர்க் போர்ட் இரண்டு இருந்தால் போதும். ரியல்டெக் நெட்வொர்க் கார்டு சில நேரம் ஃப்ரீபிஎஸ்டியோடு முரண்டு பிடிக்கும்.

இதைத்தான் வைத்தோம். வீட்டிலிருந்து கணக்குப் பார்க்க வயர்கார்ட் விபிஎன், அதாவது இணையத்துக்குள் பூட்டிய ஒரு தனி வழி. உள்ளே வரும் சாவி அண்ணாச்சியின் லேப்டாப்பில் மட்டும்.

டிவிஆரில் நானே சறுக்கினேன். அது இணையத்துக்குப் போகக் கூடாது என்று ஒரு விதி எழுதினேன், போய்க்கொண்டேதான் இருந்தது. ஃபயர்வால் விதிகளை மேலிருந்து கீழாகப் படிக்கும், முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். 'எல்லாவற்றையும் விடு' என்ற விதிக்குக் கீழே என் தடையைப் போட்டிருந்தேன். மேலே இழுத்ததும் நின்றது. இருந்தாலும் டிவிஆரும் பில்லிங் கம்ப்யூட்டரும் ஒரே சுவிட்சில் பேசிக்கொள்வது ஃபயர்வால் கண்ணிலேயே படாது. அதற்கு ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்காக்கும் விஎல்ஏஎன் போட்டுப் பிரிக்க வேண்டும். இருந்த சுவிட்சில் அந்த வசதி இல்லை, வேறு வாங்க வேண்டியதாயிற்று.

ஃபயர்வாலின் அமைப்புகள் முழுவதும் ஒரே எக்ஸ்எம்எல் ஃபைலில் அடங்கிவிடும். அதை ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். மினி பிசி செத்தால் இன்னொன்றில் ஏற்றிக்கொள்ளலாம். கடவுச்சொல்லும் ஃபயர்வால் பக்கத்து விபிஎன் சாவியும் அதற்குள் இருப்பதைச் சொன்னதும், அண்ணாச்சி அதைக் கல்லாப்பெட்டியில் வைத்துப் பூட்டினார்.