நள்ளிரவு வழிபாடு: ராகேலா, லேயாளா?

எருசலேம் ஆலயம் அழிந்ததை நினைத்து யூதர்கள் நள்ளிரவில் சொல்லும் ‘திக்குன் ஹட்சோத்’ வழிபாடு, யாக்கோபின் மனைவியர் ராகேல், லேயாள் பெயரில் இரண்டு பகுதிகள் கொண்டது. 16-ஆம் நூற்றாண்டில், சஃபேத் நகரில், யூத மறைஞானி ஐசக் லூரியாவின் வட்டத்தில் உருப்பெற்ற முறை இது.

ராகேல் பகுதி முழுக்க ஒப்பாரி. காலணியைக் கழற்றிவிட்டு, கதவு நிலைக்கருகே தரையில் உட்கார்ந்து, நெற்றியில் சாம்பல் பூசி, பைபிளின் சங்கீதம் 137, 79, புலம்பல் 5 ஆகியவற்றைச் சொல்வார்கள். யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமையிலும் பண்டிகையிலும் இது கிடையாது.

லேயாள் பகுதியில் மீட்பின் ஏக்கம். நீருக்குத் தவிக்கும் மானைப் பாடும் சங்கீதம் 42-இல் தொடங்கும். ஆலய அழிவின் துக்க நாளான, யூத நாட்காட்டியின் ஆப் மாதம் 9-ஆம் நாள் இரவில் இதை விட்டுவிட்டு ராகேலை மட்டும் சொல்வார்கள். தூக்கக் கலக்கத்தில் இரண்டையும் ஓட்டுவதைவிட லேயாளை மட்டும் நிதானமாகச் சொல்வதே மேல்.

பலர் சறுக்குவது நேரத்தில்தான். கடிகாரத்தின் 12 மணி அல்ல, இரவின் நடு. மாலை 6.10-க்குச் சூரியன் மறைந்து காலை 5.30-க்கு உதித்தால், நடு இரவு 11.50.